ஆறாவது திருகாணி

செத்துப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களையும் குரல்களையும் மீட்டுத் தருவதில் மதுரையில் ரமீஜாவை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் தொழில் கற்க வந்த சௌந்தரபாண்டி பழைய ரேடியோ மெக்கானிக். குருவைவிடப் பதினாறு வயது மூத்த சீடன். கைவேலை சுத்தம், பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

எஸ்தர் அம்மா ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். சட்டை, போன வருஷம் பைக் விபத்தில் இறந்த மகன் ஜெபினுடையது. அவன் பாடிப் பதிந்த பாட்டெல்லாம் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

தகட்டைப் படிக்கும் முனை பழுது. அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, அதன் முனையைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். சௌந்தரபாண்டி மூன்று வாரம் அலையாய் அலைந்து, பழைய சாமான் கடையொன்றில் அதைப் பிடித்தார்.

"ஒரு தடவை ரிப்பேர் பாத்ததுதான். ஆனா ஓடுதுல்ல?" என்றார் கடைக்காரர்.

ஓடத்தான் செய்தது. திருகாணித் தலைகளில் யாரோ திறந்ததற்கான கீறல்கள் இருந்தன. அப்படித் திறந்தபோது தூசி புகுந்திருந்தால், அந்த முனை தகட்டையே கீறிவிடும். பார்த்தார், பார்த்தும் குருவிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபினின் நினைவு நாள், அதற்குள் பாட்டு வேண்டும். சொன்னால் ரமீஜா வேண்டாமென்றுவிடுவாரோ என்ற பயம்.

சௌந்தரபாண்டி கழற்றிக் கொடுத்த முனையை ரமீஜா மாற்றிப் பொருத்தினார். இரண்டு நிமிடம் நன்றாகச் சுற்றியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால், முனை ஒடிந்து, தகட்டில் வட்டமாக ஆழக் கீறல். பாட்டு இருந்த இடமெல்லாம் பொடி.

சௌந்தரபாண்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்னுருப்பீங்களா டீச்சர்?"

"ஆமாண்ணே."

ரமீஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌந்தரபாண்டிக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

"இனி வழியே இல்லையா?"

"இல்லண்ணே."

"அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்களேன். எனக்கு வாய் வராது."

"நீங்கதான் சொல்லணும். நடந்தத நடந்தபடி. மொதல்ல டிஸ்க்க மூடுங்க."

வெளியே பெஞ்சில் எஸ்தர் அம்மா அந்தச் சட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சௌந்தரபாண்டி ஐந்து திருகாணிகளை ஏனோதானோவென்று முடுக்கினார். ஆறாவது கைநழுவி மேசைக்கடியில் உருண்டது. அவர் குனியவில்லை.

ரமீஜா குனிந்து, தேடி எடுத்து நீட்டினார்.

"மறுபடி தொறங்க. ஒடஞ்ச முனை உள்ளயே கெடக்கு. அத எடுத்துட்டு ஆறையும் நல்லா இறுக்குங்க."

"இனிமே ஓடவே ஓடாத சாமானுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவும்?"

"உள்ள எதாச்சும் ஆடுனா சத்தம் கேக்கும்ணே. அந்தம்மா வீட்ல அதக் காதுல வச்சுப் பாப்பாங்க."