நாச்சி கழற்றிப் போட்ட ஓடு

மீனும் நண்டும் நத்தையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், மன்னார்க் கடலின் பவளப் பாறை ஒன்றில் நாச்சி, சின்னி என்று இரண்டு நத்தைகள் வாழ்ந்துவந்தார்கள். அக்கா, தங்கை. இருவருமே மணல் நிறம். பக்கத்தில் போனால்கூடக் கண்ணில் படமாட்டார்கள். அப்போதெல்லாம் நத்தைகள் ஓட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மேயப் போவது வழக்கம். யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

ஒருநாள் சின்னி திரும்பி வந்தபோது அவளுடைய ஓட்டுக்குள் கொடுக்கன் என்ற நண்டு புகுந்து உட்கார்ந்திருந்தான். பின்பாதி உடம்பு மெத்தென்று இருக்கும் இனம் அவன். சின்னி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கிடந்ததை எடுத்தேன், இனி இது என்னுடையது என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பாறைக்குத் தலைவர் ஒரு பெரிய கலவா மீன். நாச்சி தங்கையை அழைத்துக்கொண்டு அவரிடம் முறையிடப் போனாள். கலவா இரண்டு பக்கமும் கேட்டார். ஓட்டுக்குள் யார் இருக்கிறாரோ அவருக்கே ஓடு சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார். இது என்ன நியாயம் என்று நாச்சி கேட்டாள்.

கலவாவின் கண் சின்னியின் வெற்றுடம்பில் நின்றது.

"ஓடு இல்லாதவளுக்கு நியாயம் எதுக்கு?" என்றார். வாயைத் திறந்தார். சின்னி உள்ளே போய்விட்டாள்.

கூடியிருந்த மீன்கள் ஒன்றும் பேசவில்லை. நாச்சி பயத்தில் தன் ஓட்டுக்குள் சுருண்டுகொண்டாள். எல்லாரும் கலைந்து போன பிறகுதான் தலையை நீட்டினாள். தங்கை இருந்த இடத்தில் வெறும் மணல். ஒளிந்துகொண்ட தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கலவாவின்மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஓட்டைக் கழற்றி ஆழத்தில் தள்ளிவிட்டாள்.

பாறையின் மறுபக்கம் கடல் சாமந்தி இருந்தது. பார்க்கப் பூ, ஆனால் இதழெல்லாம் பொடிப்பொடியாய் விஷ முட்கள்; தொட்டால் நெருப்பாகச் சுடும். கலவாகூட அதைச் சுற்றித்தான் போவார். நாச்சி அதனிடம் போய், உன் விஷத்தில் கொஞ்சம் எனக்குக் கொடு என்று கேட்டாள். சாமந்தி சிரித்தது. இதெல்லாம் பிறப்பிலேயே வரவேண்டும், மணலில் ஊர்கிறவளுக்கு எப்படிக் கிடைக்கும் என்றது.

"கேட்டுப் பார்த்தேன். நீ கொடுக்கல," என்றாள் நாச்சி.

அதன் ஓர் இதழைக் கடித்தாள். வாய் வெந்தது. நிறுத்தவில்லை. அடுத்த இதழையும் கடித்தாள். உடம்பெல்லாம் வழுவழுப்பைக் கசியவிட்டு, மென்று உடைக்காமல் அப்படியே விழுங்கினாள். சாமந்தி தண்டுவரை தீர்ந்துபோனது. அழுகையே வரவில்லை அவளுக்கு.

விழுங்கிய விஷ முட்கள் உள்ளே உடைந்து குத்தவில்லை. ஒவ்வொன்றாக முதுகுக்கு ஏறி, கொத்துக் கொத்தாக இதழ்களாய் முளைத்தன. சாமந்தியின் நிறமும் கூடவே ஏறியது. நுனியெல்லாம் செக்கச் செவேல், அடியில் ஊதா, ஓரத்தில் மஞ்சள். அவ்வளவு அழகான உயிரை அந்தக் கடல் அதுவரை கண்டதில்லை. நாச்சி ஒளியவில்லை. கலவாவின் குகைவாசலில் போய், வெட்டவெளியில் நின்றாள்.

கலவா அவளை அடையாளம் தெரியாமல் கவ்வினார். மறுகணமே துப்பினார். வாய் வீங்கி, கண் பிதுங்கி, பாறையில் முட்டி முட்டிப் புரண்டார். அன்றைக்கு வாய் திறக்காத மீன்கள் எல்லாம் விலகி வழிவிட்டன. நாச்சி அவர்களையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கொடுக்கன் நடுங்கிக்கொண்டே வந்து, சின்னியின் ஓட்டை அவள் முன்னால் வைத்தான். தெரியாமல் செய்துவிட்டேன், எடுத்துக்கொள் என்றான்.

"போட்டுக்க அவ எங்கே?" என்றாள் நாச்சி. "நீயே வச்சுக்க. சாகிறவரைக்கும் அதுக்குள்ளேயே ஒளிஞ்சு கிட."

அந்த வண்ண நத்தையின் குஞ்சுகள் இன்றைக்கும் முட்டையிலிருந்து வெளிவரும்போது முதுகில் சின்னஞ்சிறு ஓட்டோடுதான் வருகின்றன. கொஞ்சம் வளர்ந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தாமாகவே அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்றுடம்போடு சாமந்தியைத் தேடிப் போகின்றன. நாச்சியின் கோபம் மூண்ட நாள் தொட்டு அது அப்படித்தான்.