சலேத்தா மட்டியும் பயந்த கோடும்

கண்ணை மூடு ஏட்டி. நீ "ம்" கொட்டினாத்தான் அத்தை சொல்லுவேன்.

ஒரு ஊர்ல ஒரு மட்டிக்காரி. சலேத்தான்னு பேரு. கழிமுகத்துச் சேத்துல மட்டிச் சிப்பி எடுத்துத்தான் அந்த ஊரே கஞ்சி குடிச்சுது. எடுத்து எடுத்து, கடைசியில ஒரு பாய் அகலத்துக்குத்தான் குஞ்சு மட்டி மிஞ்சுச்சு. அதுவும் போச்சுன்னா ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான். ம்?

மட்டியோட வயசு நமக்கு எப்படித் தெரியும்? பெருமழை வந்து கடல்தண்ணி உப்பத்துப் போனா, அது டப்புனு வாயை மூடிக்கும். வளராது. அப்போ ஓட்டுல ஒரு கோடு விழும். வருசத்துக்கு ஒரு மழை, ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா, அது குஞ்சு விட்டிருக்கும், எடுக்கலாம்.

காவலுக்குச் சலேத்தாவை வச்சாங்க. அவ ஒவ்வொரு மட்டி ஓரத்துலயும் அரத்தால சர்ருனு ஒரு கீறல் போட்டா, அதைத் தாண்டி எவ்வளவு வளருதுன்னு பாக்க. அப்புறம் பொதைச்சு, குச்சி நட்டா.

ஆனா அவளுக்கு இருப்பே கொள்ளல. காத்து விர்ருனு அடிச்சுது. செத்துப் போச்சோன்னு தோண்டினா. டப். மூடிக்கிச்சு. அப்புறம் வெயில் சுள்ளுனு காஞ்சுது. தோண்டினா. டப். அப்புறம் நண்டு சரசரன்னு போச்சு. தோண்டினா. டப். முழிச்சிருக்கியா? ம்.

அப்போ பசியில ஊர்க்காரங்க பொட்டியோட சளக்கு சளக்குனு வந்து எறங்கிட்டாங்க. ஊர்த்தலைவர் சந்தியாகு ஒரு மட்டியை எடுத்து எண்ணினாரு. மூணு கோடு. வயசாயிட்டு, அள்ளுங்கன்னாரு.

சலேத்தா ஓடி வந்தா. அந்த மட்டியை வாங்கிப் பாத்தா, மூணு கோடும் கீறலைத் தாண்டிப் புதுசா வளந்த பக்கம் கெடக்கு. நெருக்கி நெருக்கி, நகத்து அகலம்கூட இல்ல.

"கீறல் போட்டு ஆறு மாசந்தான் ஆச்சு"ன்னா. "இது வயசுக் கோடு இல்ல மாமா. பயந்த கோடு. மூணு தடவை நாந்தான் தோண்டினேன்."

அவரு கோவத்துல விறுவிறுன்னு கரையேறினாரு. வெறும் பொட்டியோட எல்லாரும் திரும்பிட்டாங்க. பட்டினி கெடந்தாங்க, சலேத்தாவும்தான்.

அப்புறம் அவ என்ன பண்ணினா? எங்க பொதைச்சோம்னு தனக்கே தெரியக் கூடாதுன்னு குச்சியைப் பிடுங்கிக் கடல்ல வீசிட்டா. கையைச் சேலைக்குள்ள சுத்திக்கிட்டுக் கரையிலயே உக்காந்தா. ஒரு மழை வந்துச்சு. ரெண்டு மழை. மூணு மழை. ஒரு நாள் சேத்துல கால் வச்சா, அடியில நறநறன்னு ஒரே குஞ்சு மட்டி.

ம்... கேக்குதா? ஒசரம் கூடலியேன்னு தினம் உன்னைச் செவுத்துல சாத்தி நானும் கோடு போட்டேன்ல. நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. பயமா இருந்துச்சு ஏட்டி எனக்கு. இனி போட மாட்டேன்.

கதை சேத்துக்குள்ள பொதைஞ்சாச்சு. அத்தை தோண்ட மாட்டேன். தூங்கு.