திருமேனி வரலையா?

"ஒரு மனுஷன் செத்ததுக்கு நான் சந்தோஷப்பட்டேன், பைலட்டம்மா."

அந்தோணிராஜ் இதைச் சொன்னபோது செங்கமலம் ஆம்புலன்ஸின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணி. இரவு ஷிப்ட் முடிந்து இறங்கிய மருத்துவ உதவியாளன் அவன். பகல் ஷிப்டுக்கு வண்டி எடுக்க வந்தவள் அவள்.

அவள் நிமிரவில்லை. "யாரு செத்தது?" என்றாள்.

பலா மரத்திலிருந்து விழுந்தாரே நாகலூத்துக்காரர், அவர்தான் என்றான். நாலு நாளைக்கு முன்னால் பகல் ஷிப்ட் உதவியாளன் திருமேனி கொண்டுபோய்ச் சேர்த்த கேஸ். அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நேற்று உயிர் போய்விட்டதாம்.

"கேட்டதும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. ஒரு நொடிதான். ஆனா இருந்துச்சு."

செங்கமலம் ஒரு சின்னக் கல்லை டயர் இடுக்கிலிருந்து நெம்பி எடுத்தாள்.

அந்த மலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்களைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். செங்கமலம் பன்னிரண்டு வருடமாக பைலட். நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வரும் மருத்துவ உதவியாளர்கள் யார் புதிதாக வந்தாலும் முதல் மாதம் அவள் வண்டியில்தான். அவள் எதையும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. கேட்டால் பதில் சொல்வாள். சில சமயம் அதுவும் கிடையாது. ஆனாலும் மாதம் முடிந்து இறங்குகிறவன் ஏறியபோது இருந்த ஆளாக இருக்கமாட்டான்.

அந்தோணிராஜ் அவளைவிட எட்டு வயது மூத்தவன். ராணுவ ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவன். மலைக்கு வந்து ஏழு வருடமாகியும் மனசில் ஏதாவது முள் தைத்தால் அவளிடம்தான் வருவான்.

திருமேனி வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இருபத்தேழு வயது. சிரித்த முகம்.

"அவன் கை எனக்குத் தெரியும். ஊசி ஏத்த மூணு தடவ குத்துவான். நான் கும்மிருட்டுக் குடிசைக்குள்ளயும் ஒரே குத்துல நரம்பப் புடிப்பேன். ஆனா கதவத் தொறந்து நான் இறங்கினா என் மூஞ்சியப் பாத்துட்டுக் கேக்குறாங்க, 'திருமேனி வரலையா?'ன்னு."

பிறகு மற்றதையும் சொன்னான். திருமேனிக்கு ஊர்க்காரர்கள் சாமையும் தேனும் கொண்டுவந்து தருகிறார்கள். பேப்பரில் அவன் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தோணியின் சொந்த மகளே, "அப்பா, இவரு உங்க வண்டியா?" என்று ஆசையாகக் கேட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுக்கு ஏதாவது வழி இருக்கா, பைலட்டம்மா?"

செங்கமலம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து பகல் ஷிப்டுக்கு வாங்கண்ணே."

அது திருமேனியின் ஷிப்ட் ஆயிற்றே என்றான்.

"அவன ராத்திரிக்கு மாத்தச் சொல்லிட்டேன்னா முடிஞ்சுது. ஒரு வாரம்."

அவளோடு அவன் வாதாடிப் பார்த்தான். பகலில்தான் திருமேனியைத் தேடுகிறவர்கள் அதிகம், பகலில்தான் அந்தக் கேள்வியும் அதிகம். புண் இருக்கும் இடத்திலேயே கையை வைக்கச் சொன்னால் எப்படி?

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் முதல் கேஸ் ஒரு கிழவர், மூச்சுத்திணறல். ஆக்ஸிஜன் வைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு குறையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். இறக்கும்போது கிழவர் முகமூடியை விலக்கிக் கேட்டார்: "அந்தத் தம்பிக்கு உடம்பு சரியில்லையா?"

இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்திருந்தாள். டீச்சர் வண்டியைக் கண்டதும் வேகமாக ஓடிவந்தார். அவனைக் கண்டதும் நடந்து வந்தார்.

மூன்றாம் நாள் ஒருவர் தேன் பாட்டிலை அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். மறக்காமல் திருமேனியிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் அந்தோணிராஜ் முன்பக்கம் பார்த்தான். செங்கமலம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள், வெயில் ஏறிய நேரத்தில், பெரும்பலாப்பட்டிலிருந்து பிரசவ அழைப்பு வந்தது. வண்டி போகிற கடைசி ஊர் அது. வெள்ளையம்மா என்ற பெண்ணுக்கு இது இரண்டாவது பேறு. புருஷன் கேரளாவில் வேலையில் இருந்தான். மாமியார் குப்பாயி மட்டும் கூட இருந்தாள்.

அந்தோணிராஜ் வெள்ளையம்மாளைச் சோதித்துப் பார்த்தான். வலி நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கிளம்பியாக வேண்டும்.

வெள்ளையம்மா வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மூத்தவளை திருமேனிதான் வண்டியிலேயே பிரசவம் பார்த்துக் காப்பாற்றினான். அவன் இல்லாத வண்டியில் ஏறமாட்டேன், செத்தாலும் இங்கேயே சாகிறேன் என்றாள். குப்பாயி கெஞ்சினாள், திட்டினாள். அந்தோணி தன் ராணுவ ஆஸ்பத்திரி அனுபவத்தைச் சொன்னான். அடுத்த வலி வந்தது. அவள் பிடி இன்னும் இறுகியது.

செங்கமலம் வண்டியருகே நின்று அவனைப் பார்த்தாள்.

திருமேனியின் எண் அவன் போனில் இருந்தது. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அதை அவன் அழைத்ததில்லை.

அழைத்தான். மறுமுனையில் தூக்கக் குரல்.

"அந்தோணி பேசுறேன். இங்க ஒரு பொண்ணு நீ சொன்னாத்தான் வண்டியில ஏறுமாம்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். "கொஞ்சம் சொல்லு."

போனை அவள் காதில் வைத்தான். திருமேனி என்ன சொன்னானோ, வெள்ளையம்மாளின் விரல்கள் நிலையைவிட்டு ஒவ்வொன்றாகக் கழன்றன.

வண்டி மலையிறங்கத் தொடங்கியது. பின்னால் அவள் படுத்திருக்க, குப்பாயி தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, அவன் மண்டியிட்டு, அவள் காதில் போனைப் பிடித்தபடி வந்தான். அவனே பார்க்க வேண்டிய பிரசவத்துக்கு அவனே போன் பிடிக்கிற ஆள். நெஞ்சு அடுப்பாகக் கனன்றது.

சில வளைவுகள் தாண்டியதும் போனில் சத்தம் நின்றது. எடுத்துப் பார்த்தான். டவர் இல்லை. யோசனை கேட்க வேண்டிய ஆஸ்பத்திரி டாக்டரிடமும் இனி பேச முடியாது.

"தம்பி என்ன சொல்லுது? கேக்கலையே?" என்றாள் வெள்ளையம்மா. எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

லைன் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணைப் பார்த்தான்.

செத்த போனைத் தன் காதில் வைத்துக்கொண்டான்.

"பயப்படாத, மூச்ச நல்லா இழுத்து விடுன்னு சொல்றாரு."

அவள் இழுத்து விட்டாள்.

"இப்ப முக்க வேணாமாம். பல்லக் கடிக்காதன்னு சொல்றாரு. திருமேனி சொல்றாரு, இன்னும் கொஞ்சம்தான்."

பனிக்குடம் உடைந்தது. கையுறை போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. போன் எங்கேயோ நழுவி விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை.

"திருமேனி சொல்றாரு, இப்ப முக்கு. நல்லா. விட்டுராத."

தலை தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னான். செங்கமலம் ஒரு வளைவின் அகலமான இடத்தில் மலையோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். பின்கதவைத் திறந்து துண்டோடு வந்து நின்றாள்.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலைவிட்டு மெதுவாகத் தலைக்கு மேலே எடுத்துவிட்டான். குழந்தை வழுக்கிக்கொண்டு அவன் கைக்குள் வந்தது. பெண். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

வெள்ளையம்மா கேட்டாள். குப்பாயி கேட்டாள். அவன் செங்கமலம் நீட்டிய துண்டில் குழந்தையைக் கிடத்தினான். வாயைச் சுத்தம் செய்தான். துண்டால் துடைத்தான். முதுகை அழுத்தித் தேய்த்தான். உள்ளங்காலைச் சுண்டினான். திரும்பவும் முதுகைத் தேய்த்தான்.

"அழு," என்றான்.

அதை யார் சொன்னதாகவும் அவன் சொல்லவில்லை.

குழந்தை ஒருமுறை கேவியது. பிறகு மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டு, யார் பார்த்த பிரசவம், இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டார்.

வெள்ளையம்மா முகமெல்லாம் சிரிப்பாக, திருமேனி தம்பிதான் என்றாள். வழியெல்லாம் போனிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். அந்தோணி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் திறந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றான்.

குப்பாயி அங்கேயே பெயரையும் முடிவு செய்துவிட்டாள். திருமேனி என்று பெண் பிள்ளைக்கும் வைக்கலாம், ஒன்றும் தப்பில்லை என்றாள்.

அவன் வண்டிக்கு வந்து ஸ்ட்ரெச்சரைக் கழுவினான். அது சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தான். அடியில் கிடந்த போன் அடித்தது. திருமேனி. இதற்குள் இருபது தடவைக்கு மேல் கூப்பிட்டிருந்தான்.

எடுக்காமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்தான்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றான். "உன் பேரத்தான் வைக்கப் போறாங்களாம். நீ போய்த் தூங்கு."

செங்கமலம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எரியுதா, அண்ணே?"

"எரியுது. நர்ஸ் கேட்டப்போ எரிஞ்சுது. பேரு வச்சப்போ எரிஞ்சுது. இப்ப அவன்கிட்ட சொன்னப்பவும் எரிஞ்சுது. இது போகாது, பைலட்டம்மா. என் கூடவேதான் குழிக்குள்ள இறங்கும்."

"வழி முழுக்க எரிஞ்சுதா?"

முழுக்கத்தான் என்று சொல்ல வந்தவன் நிறுத்தினான்.

நினைத்துப் பார்த்தான். போன் பிடித்துக்கொண்டு வந்தது நினைவிருந்தது. டவர் போனது நினைவிருந்தது. பிறகு அவள் மூச்சு, அவள் கண், குழந்தையின் கழுத்து, அந்த முதுகு. இடையில் எத்தனையோ முறை திருமேனியின் பெயரைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான்.

"இல்ல," என்றான் மெதுவாக. "டவர் போனதுலேர்ந்து புள்ள அழுற வரைக்கும் இல்ல."

செங்கமலம் சாவியைத் திருகினாள்.

"நீங்க எரியாம வந்தது ஏழு கொண்டை ஊசி வளைவு," என்றாள். "மலையில மொத்தம் இருபத்தேழு இருக்குண்ணே."