ஒன்பது சாண் குழி

“சாமி, இனிமே அந்த ஓவர்சியரோட என்னால காலந்தள்ள முடியாது. இந்த மடத்துல ஒண்ணு அவரு இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும்.”

சாமியார் கஞ்சிச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“போகப்போறது நான்லா, அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் இருங்க.”

“அது வேற விஷயம் சாமி. நான் குழியப் பத்திப் பேசுதேன்.”

பூதலிங்கம் எப்போதுமே இப்படித்தான். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

மடம் பொதிகை மலையடிவாரத்தில் இருந்தது. சாமியாருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு, அது யாருக்கும் நினைவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார், அதனால் கருப்பட்டிச் சாமி. பிரம்மத்தைப் பற்றிக் கேட்க வந்தவனும் கருப்பட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அது கரைவதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வியே மறந்துபோகும்.

சீடர்கள் இரண்டே பேர்.

பூதலிங்கம் மரக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்தபிறகு கடையில் வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மகன்தான் மடத்துக்குக் கூட்டிவந்து விட்டான். சாமியாரைவிட நாலு வயது மூத்தவர், அதனால் குருவுக்கே அவர் அண்ணாச்சி.

இன்னொருவர் ஆவுடையப்பன். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக் கிணற்றில் வாளி இறங்கினாலும் எவ்வளவு இறங்கியது என்று கேட்கிற ஆள்.

தை மாதம் ஒரு நாள் சாமியார் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

“மாசிப் பௌர்ணமிக்குச் சமாதியில அடங்கிரலாம்னு இருக்கேன். குழி வெட்டுங்க.”

ஆவுடையப்பன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பூதலிங்கம் உட்காரவில்லை. உட்கார நேரம் ஏது? மூன்று மூட்டை உப்பு வாங்கினார். விபூதிக்குச் சொல்லிவிட்டார். கற்பூரம் தரம் சரியில்லை என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர்கூட இப்படி அலைந்திருக்கமாட்டார்.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குழி ஒன்பது சாண் ஆழம் இருக்கவேண்டும். அடங்கப்போகிறவருடைய சாண். அளவு இன்னதென்று சீடர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னபிறகுதான் முதல் மண்வெட்டி விழவேண்டும். முன்னொரு காலத்தில் ஏதோ பெரிய குளறுபடி நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் இப்படி ஒரு சட்டம் போடமாட்டார்கள்.

“ஒன்பது சாண்னே சொல்லிட்டுப் போங்களேன்” என்றார் சாமியார்.

“அதெப்படி சாமி? குழி வெட்டுதவன் அவன் சாணுக்கு வெட்டிருவான்” என்றார் பூதலிங்கம்.

“சாணெல்லாம் ஒரு அளவா?” என்றார் ஆவுடையப்பன்.

இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

சாமியார் கையை விரித்துக் காட்டினார். பூதலிங்கம் டேப்பை வைத்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை எட்டு இஞ்சு.

பூதலிங்கம் மனக்கணக்கில் புலி. “எட்டொன்பது எழுபத்திரெண்டு. ஆறு அடி! ஒரு நூல் கூடக் கொறையல்ல. சாமி கையே அடிக்கணக்குல படைச்ச கை!”

“ஒரு மீட்டர் எம்பத்து மூணு சென்டி” என்றார் ஆவுடையப்பன்.

அங்கே ஆரம்பித்தது வினை.

“ஆறு அடின்னு வாய் நெறையச் சொல்லாம, என்னவே அது எம்பத்து மூணு?”

“சர்க்கார் அடியத் தள்ளி எத்தன காலமாச்சு? நான் தப்பான அளவ வாயால சொல்லமாட்டேன்.”

“சர்க்கார் தள்ளிட்டா? ஒம்ம வீட்டு மனைய எதுலவே வாங்குனீரு? சதுர மீட்டர்லயா?”

“அது தரகர் பேச்சு.”

“ஒம்ம உயரம் என்ன?”

“அஞ்சே கால் அடி” என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பூதலிங்கம் அன்று முழுக்கச் சிரித்தார். மறுநாள் ஆவுடையப்பன் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, டவுனுக்கு இங்கருந்து எவ்வளவு தூரம்?”

“பன்னெண்டு கிலோமீட்டர்.”

“மைல் என்னாச்சு? செத்துப்போச்சா?”

பூதலிங்கத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது. “அடி மனுசன் கால்ல இருக்கு வே. மீட்டர் எங்க இருக்கு? காட்டும் பாப்போம்.”

“ஒம்ம கால நீட்டும். பன்னெண்டு இஞ்சு இருக்கான்னு பாத்துருவோம்.”

நீட்டவில்லை. பூதலிங்கத்தின் செருப்பு ஏழாம் நம்பர்.

இதற்கிடையில் ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. வாயில் வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, “நூறு டிகிரி சாமி” என்று முனகினார்.

“நூறு டிகிரியில தண்ணியே கொதிக்கும்னு நேத்து நீங்கதான சொன்னிய?” என்றார் சாமியார். “கொதிக்கவா செய்யுது?”

காய்ச்சல் தணிந்தது. சண்டை தணியவில்லை.

மாசிப் பௌர்ணமி வந்தது. குழி வெட்டவேண்டிய இடத்தில் கோலம் போட்டு விளக்கேற்றினார்கள். பூக்காரி தன் கையால் முழம் போட்டுக் கொடுத்த மாலையை இரண்டு பேரும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு எந்தச் சர்க்காரும் தேவைப்படவில்லை.

“சொல்லுங்க” என்றார் சாமியார்.

“ஆறு அடி!” என்றார் பூதலிங்கம்.

“ஒரு மீட்டர் எம்பத்து மூணு!” என்றார் ஆவுடையப்பன்.

சாமியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தன் கழுத்து மாலையைக் கழற்றி மடத்து ஆட்டுக்குட்டியின் கழுத்தில் போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனார்.

பங்குனிப் பௌர்ணமிக்கும் அதே கதைதான். அந்தத் தடவை ஆட்டுக்குட்டி முன்னாலேயே வந்து காத்திருந்தது.

நாளை சித்திரைப் பௌர்ணமி. அதனால்தான் பூதலிங்கம் இன்று காலையிலேயே புகாரோடு வந்து நிற்கிறார்.

“எனக்கு ஒரே பயந்தான் சாமி. சர்க்கார்ல இருந்தவன் அளந்தா எப்பவும் ரெண்டு விரக்கட கொறையும். மீட்டரு மீட்டருன்னு சொல்லி ஒங்களக் குழியில தல முட்ட உக்கார வச்சிருவாரு. நான் உசிரோட இருக்கையில அது நடக்கக் கூடாது.”

சாமியார் சட்டியைக் கீழே வைத்தார்.

“டேப்ப எடுங்க.”

பூதலிங்கம் இடுப்பு மடியிலிருந்து எடுத்தார். தோல் உறை போட்ட நாடா டேப்பு. கடை திறந்த நாளிலிருந்து கூட இருப்பது. தேக்கும் வேங்கையும் எத்தனையோ லாரி அதற்கு அடியில் கிடந்து எழுந்து போயிருக்கின்றன.

“இழுங்க. ஆறு அடியில விரல வச்சுப் புடிங்க.”

“புடிச்சாச்சு.”

“விரல எடுக்காமத் திருப்புங்க.”

பூதலிங்கம் விழித்தார். டேப்புக்கு மறுபக்கம் ஒன்று இருப்பது அவருக்குச் சுருட்டும்போது தெரியும். அதில் ஏதோ கோடுகள் இருப்பதும் தெரியும். உலகத்தையே விட்டு வந்த மனிதர், இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் ஒருதடவைகூட வாசித்துப் பார்த்ததில்லை.

திருப்பினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

“நூத்தி எம்பத்து மூணுன்னு போட்டிருக்கு.”

“நூறு சென்டி ஒரு மீட்டராம்.”

பூதலிங்கம் நாடாவை முன்னே திருப்பினார். ஆறு அடி. பின்னே திருப்பினார். நூற்றி எண்பத்து மூன்று. மறுபடியும் முன்னே.

“ரெண்டும் ஒண்ணா சாமி?”

“குழி ஒண்ணுதான?”

“அப்ப அந்தாளு கொறைக்கல்லியா?”

“இல்ல.”

“இது அந்த ஓவர்சியருக்குத் தெரியுமா?”

“அத அவருகிட்டல்லா கேக்கணும்.”

பூதலிங்கம் கேட்பதற்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, மலை திரும்பக் கத்துகிற அளவுக்குக் கூப்பிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் வாளியோடு ஓடிவந்தார்.

“ஓய்! ஆறு அடியும் ஒம்ம எம்பத்து மூணும் ஒண்ணுதானா?”

ஆவுடையப்பன் டேப்பைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார். வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“ஒண்ணுதான்.”

“எப்பத் தெரியும்?”

“தையிலயே தெரியும். சாமி கைய அளந்தோம்லா, அப்பவே.”

“தெரிஞ்சுக்கிட்டா இத்தன நாளா என் உசிர வாங்குனீரு?”

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியில் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

“மாசி போச்சுல்லா வே” என்றார். “பங்குனியும் போச்சு.”

பூதலிங்கம் திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மடத்து மூலையில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவரே பேரம் பேசி, அவரே தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கியவை. கல் உப்பாக இருக்கவேண்டும், பொடி உப்பு ஆகாது என்று பார்த்துப் பார்த்து வாங்கினார். அது யாரைச் சுற்றிப் போடுகிற உப்பு என்பதை ஒருதடவையாவது நினைத்தாரா?

சாமியார் மீசையில் கஞ்சிப் பருக்கை ஒட்டியிருந்தது. நாளைக்குப் பிறகு அதைத் துடைக்கச் சொல்வதற்கு ஆள் வேண்டியிருக்காது.

பூதலிங்கத்துக்கு மனைவி போன அன்று வந்த அதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வயதில் இந்த ஓவர்சியர் முன்னால் அழவேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. குனிந்து டேப்பைச் சுருட்டினார். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

“நல்லதாப் போச்சு” என்றார் சாமியார். “சண்டை தீந்துது. நாளைக்குப் பௌர்ணமி. அடின்னு சொல்லுங்க, மீட்டர்னு சொல்லுங்க, சேந்து சொல்லுங்க. நான் எறங்கிருதேன்.”

ஆவுடையப்பன் பூதலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூதலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“சாமி, ஒரு சங்கதி.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இது பழைய நாடா டேப்பு.”

“ஆமா.”

“வெயில்ல நீளும்.”

“ஓகோ.”

“சித்திரை வெயிலு கொஞ்சமாவா அடிக்கு? இதுல அளந்தா முன்பக்கமும் தப்பு, பின்பக்கமும் தப்பு. நாம எப்படி வாய்கூசாம அளவு சொல்லுதது?”

ஆவுடையப்பன் பாய்ந்து வந்து சேர்ந்துகொண்டார். “அண்ணாச்சி சொல்லுதது நூத்துக்கு நூறு சரி சாமி. சூட்டுக்கு எல்லாமே நீளும். எங்க டிபார்ட்மெண்டுலயே அதுக்குத் தனிக் கணக்கு உண்டு.”

“அப்ப என்ன செய்யலாம்?”

“மார்கழி வரட்டும் சாமி” என்றார் பூதலிங்கம். “நல்ல குளிர்ல, ஆற அமர ஒரு தடவ அளந்து பாத்துருவோம்.”

சாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்த வருசத்து மார்கழி?” என்றார்.