வெங்காயம் என்று கூப்பிட்டார்கள்

"என்னை வெங்காயம்னு கூப்பிடுறாங்கம்மா," என்றார் கோமதிநாயகம்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த ஆசிரமத்துக்கே குரு. ஆனால் வயதில் கோமதிநாயகத்தைவிட ரொம்பச் சின்னவர்.

"இங்க நீங்க என்ன வேலை பாக்குறீங்க ஐயா?"

"அன்னதான அடுப்படியிலே வெங்காயம் உரிக்கிறேன்."

"அதான் போல."

"அதுக்காக? 'ஏ வெங்காயம், இங்க வா.' 'வெங்காயம், காலை நகட்டு.' ஆபீஸ்ல இருந்தவரைக்கும் சார்னு சொல்லாம ஒருத்தன் என்கிட்ட ஃபைலை நீட்டினதில்லே. ஞானம் தேடி இங்க வந்தா, நாலு பேர் முன்னால வெங்காயங்கிறாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா சட்டென்று கீரைக்குள் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரோ என்று கோமதிநாயகத்துக்குச் சந்தேகம்.

"முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

"அடுப்பு."

"சிரிச்சது?"

"தேங்கா. கூட அந்த சாம்பார் வாளியும்."

"ரசம் ஒண்ணும் சொல்லலியா?"

"சேச்சே, ரசம் தங்கமான ஆளு. வாயே திறக்காது."

அம்மா மெல்லத் தலையாட்டினார்.

"இனிமே ஒண்ணு அடுப்பு இருக்கணும், இல்லே நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. பையைக் கட்டி வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"நீங்க எதுக்குப் போகணும்? அவரையே அனுப்பிடலாம்."

இவ்வளவு லேசில் முடியும் என்று கோமதிநாயகம் நினைக்கவில்லை.

"கூப்பிட்டுச் சொல்லணும். பேர் என்ன?"

"அடுப்பு..."

"அப்பா அம்மா வெச்ச பேரு."

கோமதிநாயகம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அடுப்படியில் கண் எரியப் புகை. அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன வெங்காயம், உரிச்சாச்சா?"

கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "உங்க பேரு என்ன?"

கிளறிய கை நின்றது.

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிச்சாண்டி," என்றார். அது போதாது என்று பட்டதோ என்னவோ, "கீழப்பாவூர் பிச்சாண்டி," என்றார் மறுபடியும்.

கோமதிநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அப்படியே நின்றார்.

"அங்க நிக்காதீங்க, புகை அந்தப் பக்கம்தான் அடிக்குது. இப்படி வாங்க. ஆமா, உங்க பேரு?"

சொன்னார்.

"கோமதிநாயகம்," என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிச்சாண்டி மறுபடியும் கிளற ஆரம்பித்தார்.

திரும்பி வந்தபோது அம்மா காம்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"பேர் கிடைச்சுதா ஐயா?"

"இல்லம்மா," என்றார் கோமதிநாயகம். "மனுஷன் சொல்லவே மாட்டேங்கிறார்."