எதிர் கோஷ்டி

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு வாத்தியாரம்மா. யாரு ஓடினது? யாகூப்பா, தாசனா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அருளப்பனுக்கு இதே கேள்விதான்.

அறுபத்திரண்டு வயசு மனுஷன். காசிமேட்டில் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் மெர்சிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவருக்கு அவள் வாத்தியாரம்மா. யாகூப், தாசன் இரண்டு பேரையும் பழக்கினவர் அவளுடைய அப்பா. உண்மை அந்த வீட்டில்தான் இருக்கும் என்று அருளப்பன் நம்பினார்.

சங்கதி இதுதான். ஹெவிவெயிட்டில் இரண்டு பேருமே சாம்பியன். இரண்டு தடவை போஸ்டர் ஒட்டினார்கள், இரண்டு தடவையும் மேட்ச் நடக்கவில்லை. ஒரு தடவை இவனுக்கு மணிக்கட்டு வலி, இன்னொரு தடவை அவனுக்குக் காய்ச்சல். பயந்தவன் யார் என்று இருபது வருஷமாக டீக்கடையில் ரகளை.

"அவங்க ரெண்டு பேரும் போன மாசம் ஒரே பந்தியில உக்காந்து பிரியாணி சாப்ட்டாங்க," என்றாள் மெர்சி. "உங்களுக்கு இன்னா வந்துச்சு, பெரியவரே?"

"தாசன்தான் ஓடினான்னு நீ சொல்லிட்டா போதும். என் தம்பி வந்து மன்னிப்பு கேட்டாவணும்."

தம்பி சூசை, தாசன் கட்சி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பேச்சு முற்றி, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணெதிரே கன்னத்தில் ஒன்று விட்டார் அருளப்பன். அன்றோடு சரி. இருப்பது இரண்டு தெரு தள்ளி. ஒரே வயிற்றில் பிறந்ததுகள், அட கர்மமே!

"இங்க எந்த வழியா வந்தீங்க?"

"மார்க்கெட் வழியா."

"அது சுத்தாச்சே."

நேர்வழியில் சூசை வீடு இருந்தது.

"கையை நீட்டுங்க," என்றாள் மெர்சி.

இரண்டு கையிலும் கிளவுஸை மாட்டினாள். கயிற்றை இழுத்து, முடிச்சுமேல் முடிச்சு போட்டாள்.

"எதுக்கும்மா இது? அவுத்துடு."

"எங்கப்பா இந்த கிளப்புல ஒரு வழக்கம் வெச்சிருக்காரு. கிளவுஸ் மாட்டிட்டு மேட்ச் ஆடலன்னா, எதிர் கோஷ்டி ஆளுதான் அவுக்கணும்."

"எனக்கு ஏது எதிர் கோஷ்டி?"

மெர்சி அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பல்லால் இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை.

தெருவில் இறங்கினார். மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை.

"இன்னா பெருசு, டைட்டில் மேட்சா?" என்று மீன்காரி கேட்டாள். தெருவே சிரித்தது.

இந்தக் கோலத்தில் மார்க்கெட்டைச் சுற்ற மானம் இடம் கொடுக்கவில்லை. நேர்வழியில் நடந்தார்.

சூசை வீட்டுத் தாழ்ப்பாளைத் தூக்க விரல் இல்லை. கதவைக் கிளவுஸால் தட்டினார்.

சூசையின் பெண்டாட்டி எஸ்தர் திறந்தாள். கிளவுஸைப் பார்த்தாள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடியும் அடிக்கவா வந்தீங்க?"

"இல்லம்மா. அவுக்க வந்தேன்."

உள்ளே சூசை நாற்காலியில் இருந்தான். இளைத்துப் போயிருந்தான். வலது கை மடியில் துவண்டு கிடந்தது.

"இது எப்படா?"

"மூணு வருஷம் ஆச்சுண்ணா. வாதம்."

"எனக்கு யாருமே சொல்லலியே!"

"யார் வந்து சொல்றது?" என்றாள் எஸ்தர்.

அருளப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

"விடுண்ணா. வாத்தியாரம்மா கட்டினதா? எனக்கு இடது கை நல்லாத்தான் இருக்குது. குடு, பல்லுல கடிச்சி இழுத்துடறேன்."

அருளப்பன் வலது கையைத் தூக்கினார்.

சூசையின் தலை சட்டென்று பின்னால் போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கை அந்தரத்திலேயே நின்றது.

சூசை மெல்லக் கண்ணைத் திறந்தான். அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "சும்மா... பழக்கத்துல..." என்றான்.

அருளப்பன் தம்பியின் காலடியில், தரையில் உட்கார்ந்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இடது கையை நீட்டினார்.

"இதை மட்டும் அவுத்துடுடா," என்றார். "அது கட்டியே கெடக்கட்டும்."