நூறோடு நின்ற கணக்கு

மலையடிவாரத்தில் நல்லாத்தாளின் ஆசிரமம். அங்கே வந்து சேருகிறவருக்கு மந்திரமெல்லாம் கிடையாது. ஓர் எண்ணைக் கொடுப்பாள். அதோடு குடித்தனம் பண்ணி, அதன் குணம் இன்னதென்று வந்து சொல்ல வேண்டும்.

குழந்தைவேலுக்குக் கிடைத்தது பத்தாயிரத்து நானூற்று மூன்று. குருவைவிட வயதில் மூத்தவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் மகன்கள் வீட்டில் மாற்றி மாற்றி இருந்து பார்த்து, எங்கும் ஒட்டாமல் இங்கே வந்தவர். இங்கேயும் மாவாட்ட, தண்ணீர் சேந்த என்று எல்லாரும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். இவர் மட்டும் மிஞ்சி நிற்பார்.

ஒருநாள் காலையில் மூட்டையோடு வந்தார்.

"தாயே, மேல் குகைக்குப் போறேனுங்க. இனிக் கீழே இறங்கமாட்டேன். உத்தரவு கொடுங்க."

நல்லாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எண் என்னாச்சுங்க?"

"முடிஞ்சுதுங்க. ரெண்டுல ஆரம்பிச்சு நூறு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். எதுல வகுத்தாலும் மீதி நிக்குது. யாரோடும் ஒட்டாத எண். என்னையப் பாத்துத்தான் கொடுத்திருக்கீங்க."

"நூறோட ஏன் நிறுத்துனீங்க?"

"நூத்துக்கு மேல ஒண்ணு வகுத்தா, அதுக்கு ஜோடி நூத்துக்குள்ள இருக்கோணும். நூறு நூறு பத்தாயிரம் ஆச்சுங்களே. மிச்சம் நானூத்துச் சொச்சம். அதுக்காக இன்னும் மல்லுக்கட்டோணுமா?"

"கட்ட வேண்டாம். போங்க" என்றாள். "குகையில வலப்பக்கம் ஒழுகும். அடுப்பை அங்க வச்சுப்போடாதீங்க. காத்தடிச்சா ஆள் பேசுற மாதிரியே இருக்கும். மொதல்ல பதில் சொல்லுவீங்க. அப்புறம் சொல்லமாட்டீங்க."

அவர் மூட்டையைத் தூக்கினார்.

"நூத்தியொண்ணையும் ஒருதரம் பாத்துட்டுப் போங்க. கீரை வேகுற நேரந்தான்."

முனகிக்கொண்டே மண்ணில் விரலால் போட்டுப் பார்த்தார். மீதி இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டார். நூற்றொன்றை நூற்றுமூன்றால் பெருக்கினால் அவருடைய எண், துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்போது அவருக்கு ஆத்திரம். அந்த இரண்டையும் தனித்தனியே வகுக்க உட்கார்ந்தார். எதுவும் உள்ளே போகவில்லை.

"இது ரெண்டும் தனிக்கட்டைங்க, தாயே."

"ஆமாங்க."

அடுப்பில் கீரை கொதித்தது. மூட்டை மண்ணில் கிடந்தது.

"குகை ஒழுகுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் என் குரு இதே எண்ணைத்தான் கொடுத்தாங்க. நான் தொண்ணூத்தேழோட நிறுத்திட்டு மேலே போயிட்டேன்."

"எத்தனை காலம் இருந்தீங்க?"

"பாதித்தலை நரைக்கிற வரைக்கும்."

"அத்தனை காலத்துல ஒருதரங்கூட நூத்தியொண்ணைப் போட்டுப் பாக்கத் தோணலீங்களா?"

நல்லாத்தாள் இன்னொரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏன் நிறுத்துனேன்னு கேக்க அங்க ஆள் இல்லீங்களே."